பழைய விண்டோஸில் இருக்கும் புரோகிராம்களைப் புதியதற்கு அப்படியே கொண்டுபோக முடியுமா?

கேள்வி இதுதான்: "2018இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, அதில் விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவப் போகிறேன். பழைய டிஸ்க்கில் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து புதியதில் போட்டால் எல்லாம் ஓடுமா? டேலி கணக்கு மென்பொருள், போட்டோஷாப், தண்டர்பேர்ட் மெயில், குரோம், பழைய தமிழ் ஃபான்ட்டுகள் எல்லாம் இருக்கின்றன. நடத்துவது சின்ன அச்சகம். ஒரு நாளுக்கு மேல் வேலையை நிறுத்தி வைக்க முடியாது."

ஓடாது. ஒன்றிரண்டு ஓடலாம், ஆனால் நீங்கள் பெயர் சொன்னவற்றில் முக்கியமானவை ஓடாது. அதற்காக எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் நிலைமைக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஏன் ஓடாது என்பது முதலில் தெரிந்தால்தான் எதைக் காப்பி செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ள முடியும்.

விண்டோஸில் ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்யும்போது அது ஒரே இடத்தில் உட்காருவதில்லை. பெரும்பகுதி புரோகிராம் ஃபைல்ஸில் போகும். எல்லோருக்கும் பொதுவான தரவு புரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் போகும். உங்களுக்கென்று நீங்கள் மாற்றிய செட்டிங்ஸ், உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற இன்னொரு மறைந்த ஃபோல்டரில் போகும். இது போக, விண்டோஸின் மைய செட்டிங்ஸ் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் நூற்றுக்கணக்கான பதிவுகள் எழுதப்படும்: எந்த வகை ஃபைலை யார் திறப்பது, லைசென்ஸ் எங்கே, எந்த சர்வீஸ் பின்னணியில் ஓட வேண்டும் என்று எல்லாம். பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் பொது லைப்ரரிகள் (டிஎல்எல் ஃபைல்கள்) விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே போய் உட்காரும்.

ஆக, புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் காப்பி செய்தால் என்ன நடக்கும்? புது விண்டோஸில் அந்தப் புரோகிராமின் எக்ஸ்இ ஃபைலை டபுள் கிளிக் செய்கிறீர்கள். "விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை" என்று ஒரு பெட்டி வரும். அது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பைச் சேர்ந்தது, புரோகிராமின் இன்ஸ்டாலர்தான் வழக்கமாக அதைக் கூடவே கொண்டுவந்து போடும். சரி, அதைத் தேடிப் போட்டுவிட்டீர்கள். அடுத்து இன்னொரு டிஎல்எல் இல்லை என்று வரும். அதையும் சரி செய்தால் லைசென்ஸ் இல்லை என்று வரும். அதையும் எப்படியோ தாண்டினால், அடுத்த அப்டேட் வரும் நாளில் "இந்தப் புரோகிராம் இன்ஸ்டால் ஆகவே இல்லையே" என்று அப்டேட்டர் கையை விரிக்கும். கன்ட்ரோல் பேனலிலும் பெயர் இருக்காது, நீக்கவும் வழியிருக்காது.

"அப்படியானால் ரெஜிஸ்ட்ரியையும் சேர்த்துக் காப்பி செய்கிறேன்" என்று சிலர் கிளம்புவார்கள். ரெஜிஸ்ட்ரியும் ஃபைல்கள்தான், மறுக்கவில்லை. கணினிக்குப் பொதுவான பகுதி விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் இருக்கிறது. உங்கள் பயனர் பகுதி, யூசர் ஃபோல்டரில் என்டியூசர்.டாட் என்ற மறைந்த ஃபைலாக இருக்கிறது. இவற்றைத் தூக்கிப் புதியதன் மேல் போட்டால், பழைய விண்டோஸின் டிரைவர் விவரம், பழைய பயனர் அடையாள எண், அனுமதிகள் எல்லாம் வந்து புதியதோடு மோதும். லாகின் ஆகாமலே நிற்கும் கணினிதான் மிஞ்சும். இந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம்.

மேக் பயன்படுத்துபவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். அங்கே பெரும்பாலான செயலிகள் ஒற்றை ஃபைல் போலத் தெரியும் ஒரு ஃபோல்டர்தான், தேவையானது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும், செட்டிங்ஸ் லைப்ரரி என்ற ஒரே இடத்தில் இருக்கும். அதனால்தான் ஆப்பிளின் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் செயலிகளையும் சேர்த்தே நகர்த்துகிறது. லினக்ஸில் ஹோம் பகுதியைத் தனியாக வைத்திருந்தால், சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டு, பேக்கேஜ் பட்டியலைக் கொடுத்து, பழைய ஹோமை இணைத்தால் ஏறக்குறைய முடிந்தது. விண்டோஸ் வேறு வழியில் வளர்ந்துவிட்டது. அதைப் பற்றிப் புலம்பி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இப்போது நான் உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி: எதற்காகப் புதிதாக நிறுவ நினைக்கிறீர்கள்? விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் 11க்குப் போக வேண்டும் என்றால் அதற்குப் புது இன்ஸ்டாலேஷன் தேவையில்லை. கணினி மெதுவாக இருக்கிறது என்றால், 2018 லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க்கே பெரும்பாலும் குற்றவாளி. எஸ்எஸ்டி போட்டாலே வேறு கணினி போல ஓடும். வைரஸ் புகுந்து கெட்டுவிட்டது, தினமும் நீலத்திரை வருகிறது, அப்டேட் எதுவும் ஏற மறுக்கிறது என்றால் மட்டும்தான் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதில் அர்த்தம் உண்டு. புதுசாகவும் இருக்க வேண்டும், பழையது எல்லாம் அப்படியே இருக்கவும் வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்காது.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் புதிதாகப் போடமாட்டேன். டிஸ்க்கை எஸ்எஸ்டி-க்குக் குளோன் செய்வேன், அதாவது ஒன்றும் விடாமல் அப்படியே நகலெடுப்பேன், அது சரியாக பூட் ஆகிறதா என்று பார்ப்பேன், அப்புறம் அதன் மேலேயே விண்டோஸ் 11க்கு அப்கிரேட் செய்வேன். எல்லாப் புரோகிராமும், செட்டிங்ஸும், ஃபான்ட்டும், டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடக்கும் ஷார்ட்கட் உட்பட, இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் ஒரு நாள் கணக்குக்குள் அடங்குகிற வழி இது ஒன்றுதான்.

குளோன் செய்ய எஸ்எஸ்டி-யை ஒரு யூஎஸ்பி கேஸிங்கில் போட்டு இணையுங்கள். சாம்சங், குரூஷியல், டபிள்யூடி போன்ற நிறுவனங்கள் தங்கள் எஸ்எஸ்டி-யை வாங்கியவர்களுக்கு இதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. குளோனசில்லா என்ற இலவசக் கருவியும் நல்லதுதான், ஆனால் பெரிய டிஸ்க்கிலிருந்து சின்ன எஸ்எஸ்டி-க்குப் போகும்போது பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை) முதலில் கையால் சுருக்க வேண்டியிருக்கும். நிறுவனக் கருவிகள் அதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். பழைய டிஸ்க்கில் நிஜமாக நிரம்பியிருக்கும் அளவு எஸ்எஸ்டி-க்குள் அடங்கினால் போதும்.

குளோன் முடிந்து எஸ்எஸ்டி-யை உள்ளே மாட்டி ஒருமுறை பழைய விண்டோஸ் 10 ஆகவே ஓட்டிப் பாருங்கள். டேலி திறக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கி வைக்கும் புதிய முறை) வேண்டும், இன்டெல் என்றால் ஒருசில விதிவிலக்குகள் தவிர 8ஆம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. 2018இல் வாங்கியது எல்லைக்கோட்டில் இருக்கும், பிசி ஹெல்த் செக் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சில கடைகளில் அந்தக் காலத்து லேப்டாப்பிலும் பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் தரவு அழியாமல் மாற்றிக்கொள்ளலாம், பிறகு பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையில்) யூஇஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும். குளோனின் மேல் செய்யுங்கள், மூல டிஸ்க்கின் மேல் வேண்டாம்.

அப்கிரேடுக்கு விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ-வை (நிறுவத் தேவையானது எல்லாம் அடங்கிய ஒற்றை ஃபைலை) இறக்கி, டபுள் கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். பென் டிரைவிலிருந்து பூட் செய்யக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்ட வேண்டும். கடைசித் திரையில் "ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்" என்ற தேர்வு இருக்கும். பலருக்கு அது மங்கலாக, தேர்ந்தெடுக்க முடியாமல் நிற்கும். காரணம் பெரும்பாலும் மொழி. உங்கள் விண்டோஸ் இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று நிறுவப்பட்டிருந்து, நீங்கள் இறக்கியது இங்கிலீஷ் இன்டர்நேஷனல் என்றால் ஆப்களை வைத்துக்கொள்ள விடாது. அட்மினாக கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, டிஸ்ம் கருவியில் கெட்-இன்ட்எல் (dism /online /get-intl) என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்த மொழியில் நிறுவியது என்று காட்டும். அதே மொழி ஐஎஸ்ஓ-வை இறக்குங்கள். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸிலிருந்தே பழையதற்குத் திரும்பலாம். அதற்குப் பிறகு விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர் தானாக அழிந்துவிடும்.

"ரீசெட் திஸ் பிசி" என்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் "என் ஃபைல்களை வைத்துக்கொள்" என்று இருப்பதைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். ஃபைல்கள் இருக்கும், இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் போய்விடும். எதெல்லாம் போனது என்று டெஸ்க்டாப்பில் ஒரு பட்டியலை மட்டும் விட்டுவைக்கும்.

சரி, இதையெல்லாம் கேட்ட பிறகும் புதிதாகத்தான் போட வேண்டும், அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது என்றால், வேலையில் பாதிக்கு மேல் பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது. புரோகிராமைப் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும், அதன் தரவையும் செட்டிங்ஸையும் மட்டும் பழையதிலிருந்து எடுத்துப் போட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் பட்டியல். விங்கெட் என்ற கட்டளைக் கருவி விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உண்டு. விங்கெட் எக்ஸ்போர்ட் என்று கொடுத்து ஒரு ஃபைல் பெயர் தந்தால், கணினியில் இருக்கும் புரோகிராம்களில் தன் களஞ்சியத்தில் உள்ளவற்றை எல்லாம் ஒரு ஜேசன் ஃபைலாக எழுதித் தரும். நீங்கள் விங்கெட் வழியாக நிறுவாததையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். புது விண்டோஸில் விங்கெட் இம்போர்ட் கொடுத்தால் குரோம், விஎல்சி, 7-ஜிப், லிப்ரெஆபிஸ், தண்டர்பேர்ட் எல்லாம் வரிசையாகத் தானே இறங்கி ஏறும், நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம். களஞ்சியத்தில் இல்லாதவற்றின் பெயர்களைத் திரையிலேயே காட்டும். அவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கைவேலை தேவைப்படும் புரோகிராம்கள் அவைதான். இது புரோகிராம்களை மட்டும் நிறுவும், செட்டிங்ஸைத் தொடாது.

அடுத்தது லைசென்ஸ். இதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டேலி சிங்கிள் யூசர் லைசென்ஸ் ஒரு கணினிக்குத்தான். டிஸ்க்கைத் துடைப்பதற்கு முன்பே டேலிப்ரைமில் ஹெல்ப் மெனுவில் செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று போய் சரண்டர் கொடுத்துவிட வேண்டும். புதியதில் திரும்ப ஆக்டிவேட் செய்யலாம். செய்யாமல் விட்டால் புதிய விண்டோஸில் டேலி எஜுகேஷனல் மோடில் திறக்கும். அந்த மோடில் மாதத்தின் 1, 2, கடைசித் தேதி ஆகிய நாட்களில் மட்டும்தான் வவுச்சர் போட முடியும், 17ஆம் தேதி பில்லை என்ன செய்வது? போட்டோஷாப் சந்தாவில் இருந்தால் பழையதில் சைன் அவுட் செய்துவிடுங்கள். அடோபி ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில்தான் ஆக்டிவேஷன் அனுமதிக்கிறது. வேறு எந்த விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்தாலும் ஹெல்ப் மெனுவில் டீஆக்டிவேட் என்று ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

விண்டோஸின் லைசென்ஸைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டாம். அது மதர்போர்டோடு ஒட்டியது. அதே லேப்டாப்பில் டிஸ்க்கை மட்டும் மாற்றுகிறீர்கள் என்பதால், நிறுவும்போது "என்னிடம் பிராடக்ட் கீ இல்லை" என்று கொடுத்து, பழையதில் இருந்த அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். இணையம் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். கீ வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டிஸ்க்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஹோம் பதிப்பிலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்திருந்தால் அது தானாக இயங்கியிருக்கலாம். ஓடினால், கழற்றிய டிஸ்க்கைக் கேஸிங்கில் போட்டு இணைக்கும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது பதிவாகியிருக்கும், முன்கூட்டியே எடுத்து எழுதி வையுங்கள். அல்லது கழற்றும் முன் என்கிரிப்ஷனை அணைத்துவிடுங்கள், இதுதான் தொல்லையில்லாதது.

இன்ஸ்டால் நாளில் வரும் இன்னொரு தடங்கல் நெட்வொர்க். விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையம் கேட்கும், வைஃபை டிரைவர் இல்லையென்றால் அங்கேயே நிற்கும். உங்கள் லேப்டாப் மாடலுக்கான வைஃபை டிரைவரை ஒரு பென் டிரைவில் இறக்கி வையுங்கள், அல்லது போனை யூஎஸ்பி-யில் இணைத்து டெதரிங் கொடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பின்னும் வந்த லேப்டாப் என்றால், நிறுவும் திரையில் எஸ்எஸ்டி கண்ணுக்கே தெரியாமல் போகலாம். எஸ்எஸ்டி கெட்டுவிடவில்லை, இன்டெல் விஎம்டி டிரைவரை அந்தத் திரையில் ஏற்றினால் தெரியும்.

இனி செட்டிங்ஸ். புது விண்டோஸில் புரோகிராமை நிறுவி, ஒருமுறை திறந்து, முழுவதும் மூடிவிட்டு, அப்புறம்தான் பழைய செட்டிங்ஸ் ஃபோல்டரை அதன் இடத்தில் போட வேண்டும். திறந்து மூடினால்தான் அது தன் ஃபோல்டர்களை உருவாக்கும், சரியான இடம் எது என்று உங்களுக்கும் தெரியும். முழு ஆப்டேட்டாவையும் ஒரேயடியாகத் தூக்கிப் போட வேண்டாம். தேவையான புரோகிராமின் ஃபோல்டரை மட்டும், ஒவ்வொன்றாக.

இதில் தங்கமான பிள்ளைகள் தண்டர்பேர்டும் ஃபயர்ஃபாக்ஸும். ஆப்டேட்டாவில் ரோமிங்குக்குள் தண்டர்பேர்ட் என்ற ஃபோல்டர், அதற்குள் புரொஃபைல்ஸ். மெயில்கள், அக்கவுண்டுகள், ஃபில்டர்கள், முகவரிப் புத்தகம், சேமித்த பாஸ்வேர்டுகள் உட்பட எல்லாமே அதற்குள்தான். அந்தத் தண்டர்பேர்ட் ஃபோல்டரை முழுசாக எடுத்துவந்து புதியதில் அதே இடத்தில் போட்டுவிட்டுத் திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். இரண்டு கணினியிலும் ஒரே பதிப்பு, அல்லது புதியதில் கொஞ்சம் புதிய பதிப்பு இருக்க வேண்டும், பழைய பதிப்பில் புதிய புரொஃபைலைத் திறக்க மறுக்கும். "எந்தப் புரொஃபைலைத் திறக்க" என்று குழம்பி வெறுமையாகத் திறந்தால், ட்ரபிள்ஷூட்டிங் பக்கத்திலிருந்து அபௌட் புரொஃபைல்ஸுக்குப் போய்ப் பழையதை டீஃபால்ட் ஆக்குங்கள்.

குரோம் அப்படியில்லை. அதன் ஃபோல்டரைக் காப்பி செய்தால் புக்மார்க்கும் ஹிஸ்டரியும் வரும், சேமித்த பாஸ்வேர்டுகள் வராது. பாஸ்வேர்டுகளைப் பூட்டும் சாவியை விண்டோஸ் உங்கள் பழைய யூசர் அக்கவுண்டோடு கட்டி வைத்திருக்கிறது, புதிய விண்டோஸில் அதே பெயரில் யூசர் உருவாக்கினாலும் அது வேறு ஆள்தான். எனவே பழையது ஓடும்போதே கூகுள் அக்கவுண்டில் சிங்க் செய்துவிடுங்கள், அல்லது பாஸ்வேர்ட் மேனேஜரிலிருந்து சிஎஸ்வி என்ற பட்டியல் ஃபைலாக எடுத்து, புதியதில் ஏற்றிய கையோடு அந்த ஃபைலை அழித்துவிடுங்கள், அதில் எல்லாம் பச்சையாக எழுதியிருக்கும். எட்ஜுக்கும் இதே கதைதான். விண்டோஸ் ஹெலோ பின், கைரேகை, கணினியிலேயே சேமித்த பாஸ்கீகள் (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவிகள்) எதுவும் வராது. பாஸ்கீயை மட்டுமே நம்பியிருக்கும் அக்கவுண்ட் இருந்தால், அதற்கு இரண்டாவது வழி ஒன்றை முன்பே அமைத்துவிடுங்கள்.

டேலி தரவு எங்கே இருக்கிறது என்பதை டேலிக்குள்ளேயே டேட்டா பாத் பார்த்து உறுதி செய்யுங்கள், ஊகிக்க வேண்டாம். உள்ளே எண்களே பெயரான ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. டேலியின் பேக்கப் வசதியாலும் ஒரு பிரதி எடுங்கள், டேட்டா ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள், இரண்டும் இருக்கட்டும். புதியதில் முதலில் பழையதில் இருந்த அதே ரிலீஸைப் போட்டு, கம்பெனி திறந்து, டிரையல் பேலன்ஸை ஒத்துப் பார்த்த பிறகு மேல் ரிலீஸுக்குப் போங்கள். ஜிஎஸ்டி-க்கு டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்ப) டோக்கன் பயன்படுத்தினால் கவலையில்லை, சான்றிதழும் சாவியும் டோக்கனுக்குள்ளேயே இருக்கின்றன. அதன் டிரைவரையும் எம்சைனர் என்ற கையொப்ப மென்பொருளையும் புதிதாகப் போட்டால் போதும்.

ஃபான்ட் விஷயத்தில் அச்சகக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். பாமினி, வானவில், ஸ்ரீலிபி மாதிரி யுனிகோடு அல்லாத பழைய குறியீட்டில் அடித்த பத்து வருஷத்து வேலைகள் உங்களிடம் இருக்கும். அந்த ஃபான்ட் இல்லையென்றால் அந்த ஃபைல் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸைப் பேக்கப் எடுக்க எல்லோருக்கும் தெரியும். பலர் விட்டுவிடுவது இரண்டாவது இடம்: விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, அட்மின் அனுமதி இல்லாமல் ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய ஃபான்ட்டுகள் ஆப்டேட்டாவில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் போய் உட்காருகின்றன. அங்கேயும் பாருங்கள். புதியதில் நிறுவும்போது எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து "எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு" என்று கொடுங்கள், சில பழைய டிடிபி (பக்க வடிவமைப்பு) மென்பொருள்களுக்குப் பயனர் ஃபான்ட்டுகள் கண்ணில் படுவதில்லை.

லதா ஃபான்ட்டில் அடித்த வேர்ட் ஃபைல்கள் புதியதில் வேறு மாதிரித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் 10இலிருந்து லதாவும் விஜயாவும் கூடவே வருவதில்லை, நிர்மலா யுஐ மட்டும்தான் வரும். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். மொழிகளில் தமிழைச் சேர்த்தாலும் சேர்ந்தே இறங்கும். தமிழ்99 விசைப்பலகையும் இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது. பழைய குறியீட்டில் தட்டச்சு செய்ய மட்டும் என்எச்எம் ரைட்டர் மாதிரி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேர்டின் நார்மல் டெம்ப்ளேட் ரோமிங்குக்குள் மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸில் இருக்கும். அவுட்லுக் கையொப்பங்கள் அதன் பக்கத்திலேயே சிக்னேச்சர்ஸில். லிப்ரெஆபிஸ் ஃபோல்டருக்குள் 4 என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், பதிப்பு எத்தனை தாண்டினாலும் அந்த 4 மாறவே இல்லை, குழம்பாமல் அதற்குள் இருக்கும் யூசர் ஃபோல்டரை எடுங்கள். போட்டோஷாப் பிரஷ், ஆக்ஷன் எல்லாவற்றையும் எடிட் மெனுவில் பிரீசெட்ஸ் வழியாக எக்ஸ்போர்ட் செய்வதுதான் சுலபம். ரெஜிஸ்ட்ரியில் மட்டும் செட்டிங்ஸ் வைத்திருக்கும் புரோகிராம்களும் உண்டு. சர்வர்களோடு இணையப் பயன்படும் புட்டி அப்படிப்பட்டது, அதை எழுதிய சைமன் டாதமின் பெயரிலேயே பயனர் ரெஜிஸ்ட்ரியில் ஒரு கிளை இருக்கும். அந்தக் கிளையை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து புதியதில் டபுள் கிளிக் செய்தால் எல்லா சர்வர் முகவரிகளும் வந்துவிடும். இப்படி ஒரு புரோகிராமின் ஒரு கிளையை எடுப்பது பாதுகாப்பானதுதான், முழு ரெஜிஸ்ட்ரியை எடுப்பதுதான் தப்பு. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைச் செயலியின் விளையாட்டுகளை மட்டும் நிஜமாகவே ஃபோல்டரோடு தூக்கிக்கொண்டு போகலாம், ஸ்டீமைப் புதிதாக நிறுவி அந்த இடத்தைக் காட்டினால் இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்து எடுத்துக்கொள்ளும். போர்ட்டபிள் என்று பெயர் போட்ட, இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் புரோகிராம்களும் அப்படியே.

இதையெல்லாம் தானாகச் செய்யும் கருவி கிடையாதா என்று கேட்பீர்கள். விண்டோஸ் 7 காலத்தில் ஈஸி டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று இருந்தது. அது ஃபைல்களையும் செட்டிங்ஸையும்தான் நகர்த்தியது, புரோகிராமை அல்ல. விண்டோஸ் 10இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ள விண்டோஸ் பேக்கப், ஃபோல்டர்களை ஒன்டிரைவில் ஏற்றும் (இலவசம் 5 ஜிபி தான், அச்சகத்துக்கு அது எந்த மூலைக்கு?), சில செட்டிங்ஸை நினைவில் வைக்கும். ஸ்டோர் ஆப்களைத் திரும்ப இறக்கும், டேலி மாதிரி சாதாரண புரோகிராம்களை நிறுவாது. லேப்லிங்க் பிசிமூவர், ஈஸ்யுஎஸ் பிசிடிரான்ஸ் போன்ற கட்டணக் கருவிகள் புரோகிராமோடு ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளையும் சேர்த்து நகர்த்தப் பார்க்கும். எளிய புரோகிராம்களில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்த எளிய புரோகிராம்களை விங்கெட் காசு இல்லாமலே போட்டுவிடும். லைசென்ஸ் பூட்டு உள்ளவை, டிரைவரோடு வருபவை, ஆன்டிவைரஸ் இவற்றில்தான் கருவி தேவைப்படும், அங்கேதான் அவையும் தடுமாறும். அதனால் நான் காசு கொடுக்கச் சொல்லமாட்டேன்.

உண்மையான சிக்கல், சிடி தொலைந்துபோன பழைய மென்பொருள். பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், இன்னும் பல அச்சகங்களில் ஓடுகிறது, செட்டப் மட்டும் யாரிடமும் இல்லை. இதற்கு ஒரு வழி: மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள டிஸ்க்2விஎச்டி என்ற சின்ன இலவசக் கருவியைப் பழைய விண்டோஸில் ஓட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் அந்த டிஸ்க்கையே ஒரு ஃபைலாக மாற்றித் தரும். புதியதில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸிலோ, ப்ரோ பதிப்பாக இருந்தால் ஹைப்பர்-வியிலோ அந்த ஃபைலைப் போட்டால் உங்கள் பழைய கணினி ஒரு ஜன்னலுக்குள் ஓடும். விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கும், வேகமும் கொஞ்சம் குறையும், லைசென்ஸ் பூட்டு உள்ளவை அங்கேயும் முரண்டு பிடிக்கலாம். பழைய வேலையைத் திறந்து பிடிஎஃப் எடுக்கிற அளவுக்கு அது போதும். இன்டர்நெட்டை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள். உங்கள் பழைய விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் இன்னொரு விஷயம்: விண்டோஸ் 11 64 பிட் மட்டும்தான், 16 பிட் புரோகிராம் எதுவும் அதில் நேரடியாக ஓடாது. அதற்கும் இந்த ஜன்னல்தான் வழி.

பழைய டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை எடுக்கும்போது "அனுமதி இல்லை" என்று வந்தால் கன்டினியூ கொடுத்துக் காத்திருங்கள், பெரிய ஃபோல்டருக்கு நேரம் எடுக்கும். முழு யூசர் ஃபோல்டரையும் பேக்கப்பாக எடுப்பதானால் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடாமல் ரோபோகாப்பி என்ற கட்டளைக் கருவியை எக்ஸ்ஜே (/XJ) என்ற தேர்வோடு ஓட்டுங்கள். ஆப்டேட்டாவுக்குள் தன்னையே சுட்டும் சில போலி ஃபோல்டர்கள் இருக்கின்றன, அந்தத் தேர்வு இல்லையென்றால் காப்பி அவற்றுக்குள் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் காலியாகத் தெரிந்தால் அவை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் மாறியிருக்கும். மேக அடையாளம் போட்ட ஃபைல்கள் டிஸ்க்கிலேயே இல்லாமல் நெட்டில் மட்டும் இருக்கும், அவற்றைப் பழையது ஓடும்போதே இறக்கிவிட வேண்டும்.

கழற்றிய டிஸ்க்கைக் குறைந்தது ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் சுற்று முடியும் வரை ஃபார்மட் செய்யாதீர்கள். ஃபைலுக்காக மட்டும் சொல்லவில்லை. ஏதாவது ஒரு லைசென்ஸை விடுவிக்க மறந்திருந்தால், அதே டிஸ்க்கைத் திரும்ப அதே லேப்டாப்பில் மாட்டி பூட் செய்து, சரண்டர் கொடுத்துவிட்டு, மறுபடி எஸ்எஸ்டி-யை மாட்டிக்கொள்ளலாம். பயாஸில் லெகசி, யூஇஎஃப்ஐ எதையாவது மாற்றியிருந்தால் அந்த நேரத்துக்குப் பழையபடி வைக்க வேண்டும், அதனால் மாற்றும் முன் அந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.